எல்லாக் கம்பிக்கும் பச்சை

பச்சை. மறுபடியும் பச்சை. கிட்டாரின் தலையைத் துணிக் கிளிப்புப் போலக் கவ்விக்கொண்டிருந்த, சுதி பார்க்கிற டியூனரின் குட்டித் திரையில் முள் இடப்பக்கம் சாய்ந்து, யோசித்து, மெல்ல நிமிர்ந்து, நட்டநடுவில் வந்து நின்றது. அதுவரை சிவப்பாக இருந்த எழுத்து பச்சையானது. சவரிமுத்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். கடைசிக் கம்பியும் சரி. அப்படியென்றால் ஆறும் சரி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டிப் பார்த்தாயிற்று, தொட்டிலில் தூங்குகிற பாப்பா அசையாத அளவுக்கு, விரல் நுனியால், கம்பிக்கே தெரியாமல், ஒவ்வொன்றுக்கும் பச்சை. ஆனால் ஆறையும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தால், இழுத்தார், அதையும் மெதுவாகத்தான், தகர டப்பாவுக்குள் கரண்டிகள் சரிந்த மாதிரி இருந்தது. பல் கூசியது. கருவி சரி என்கிறது, காது இல்லை என்கிறது, இரண்டில் ஒன்றுக்குத்தான் கோளாறு, எதற்கென்று அவருக்குத் தெரியாதா என்ன. அந்தக் காதைப் பற்றித் திண்டுக்கல்லில் பாதி மேட்டுப்பட்டிக்கே தெரியும். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சீயக்காய் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. பவுலின் உள்ளே போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் போனாள்: "அப்பா, தலைக்கு ஊத்திட்டு வந்துர்றேன். பாப்பா முழிச்சுட்டா தூக்கிக்கங்க. கழுத்த நல்லாத் தாங்கித் தூக்குங்க, ஸ்டியரிங் மாதிரி பிடிச்சுராதீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், தூக்கமில்லாத கண்ணோடு. முழிக்காது, இப்போதுதான் பால் குடித்தது, முழிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொட்டில் அவர் மனைவி எமரென்சியின் புடவை. ஊதாப்பூப் போட்டது. அதைத் தொட்டிலுக்கு எடுக்கலாமா என்று பவுலின் கேட்டபோது அவர் பீரோவிலிருந்து எடுத்து, இரண்டு தடவை துவைத்து மெத்தென்று ஆக்கி நீட்டினார், அவ்வளவுதான்.

எமரென்சி இருந்தால் இந்தக் கிட்டாருக்கு இந்த வீட்டில் வேலையே இருந்திருக்காது. அவள் வாயைத் திறந்தால் போதும். மிளகாய் வறுக்கும்போதும் பாடுவாள், இருமிக்கொண்டே பாடுவாள். இவர் மட்டும் கோயிலில் அவள் பக்கத்தில் நின்று வாயை அசைப்பார். வாயை மட்டும். அது சின்ன வயதில் தொம்மை உபதேசியார் போட்ட உத்தரவு. கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பழக்கும்போது ஆர்மோனியத்தை நிறுத்தி, காதைச் சொறிந்து, வரிசையில் ஒவ்வொரு வாயாகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தவர் இவர் வாய்க்கு முன்னால் வந்ததும் நிமிர்ந்தார். "ஏலே சவரி, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்டா. பாட்டாவது பிழைச்சுப் போகட்டும்." எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார், உபதேசியார் பொல்லாதவர் இல்லை, பாட்டு முடிந்ததும் இவருக்கும் கேக் கொடுத்தார். ஆனால் கேக்கைத் தின்ற வாய் அதற்கப்புறம் பாடவில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, கல்யாணத்தில் இல்லை, பஸ் ஓட்டும்போது கூட இல்லை. கல்யாணமான புதிதில் பூசையில் எமரென்சி மெல்லக் காதை இவர் பக்கம் சாய்த்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "என்னங்க, பாடுறீங்களா, பாடுற மாதிரி பண்றீங்களா?" "பாடத்தான் செய்யிறேன்." "சத்தத்தக் காணோமே. டீசல் தீந்து போச்சா?" அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாமியாரிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு ஒரு நாள் சிரிக்காமல் சொன்னாள்: "நீங்க குறட்டை விடுறதே சுதியாத்தான் இருக்கு. உங்களுக்கு யாரோ என்னமோ சொல்லிட்டாங்க." அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொன்னது யார் என்று அவளிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. கேக் வாசனை வந்தால் இன்றைக்கும் உதடு தானாக ஒட்டிக்கொள்கிறது.

சரி, கம்பிக்கு வா. மூன்றாவது கம்பிதான் பயம். மேலிருந்து எண்ணினால் முதலாவது தடிமன், இரண்டாவது அதற்குக் கொஞ்சம் இளைத்தது, மூன்றாவது இன்னும் இளைத்தது; அந்த மூன்றாவதை ஜி என்ற எழுத்து வரும்வரை முறுக்க வேண்டும் என்று போனில் பாடம் நடத்துகிற தாடிக்காரப் பையன் எழுத்தில் காட்டியிருந்தான். முறுக்க முறுக்க அது கிர்ரென்று முனகியது, கிட்டாரின் கழுத்தே வளைகிற மாதிரி இருந்தது. அறுந்தால் கண்ணில்தான் அடிக்கும். அதனால் மருமகன் ஜெரோம் விட்டுப்போயிருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முறுக்கினார். கிட்டாரும் ஜெரோமுடையதுதான். பவுலினை மயக்குவதற்கென்று ஒரே ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டானாம், அவள் சரி என்று சொன்ன மறுநாள் உறைக்குள் போட்டு மூடிவிட்டானாம், கல்யாணத்துக்குப் பிறகு அது இந்த வீட்டுப் பரணுக்கு வந்துவிட்டது. ஹெல்மெட்டோடு நாற்காலியில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பாப்பாவோடு உள்ளே வந்த பவுலின் பார்த்தாள். "அப்பா... எங்க கிளம்பிட்டீங்க?" அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "ஜி வரைக்கும்" என்றார். அவள் சிரித்தது வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு. அப்படி அவள் சிரித்து அதற்கு முன் எத்தனையோ நாளாகியிருந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு என்று வந்தவளுக்கு அம்மா இல்லை, அப்பா மட்டும்தான். பூண்டுக் குழம்பு வைக்க அவருக்குத் தெரியும். சுறாப்புட்டு பக்கத்து வீட்டுச் சலேத்மேரியிடம் கேட்டுப் பழகியாயிற்று. வெந்நீர், சாம்பிராணி, துணி, எல்லாம் முடியும். சாயங்காலமானால் பாப்பா வயிற்றை முறுக்கி அழும், அப்போது மட்டும் அவர் ஒன்றுக்கும் உதவாதவர். பவுலினுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாடிப் பாடி அல்ல, அழுது. போனில் தாலாட்டுப் போட்டாள். யாரோ ஒரு அம்மாள் நன்றாகத்தான் பாடினாள், பாப்பா கண் சொருகுகிற நேரம் பார்த்து நடுவில் விளம்பரம் வந்தது, கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் போட்டது போல ஒரு ஆள் கத்தினான், சமையல் எண்ணெய்க்கேதான், பாப்பா வீறிட்டது. "அம்மா இருந்தா விளம்பரம் வராதுல்லப்பா" என்றாள் பவுலின். குறை சொல்லவில்லை. தலையணையைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்குத்தான் அவர் பரணிலிருந்து கிட்டாரை இறக்கினார். குரல் இல்லாதவன் கம்பியையாவது வைத்துக்கொள்ளட்டும். ஒரு தாலாட்டு, ஒன்றே ஒன்று, பவுலின் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவதற்குள். இந்தக் குழந்தை இந்த வீட்டில் ஒரு தடவையாவது விளம்பரம் இல்லாமல் தூங்கட்டும்.

டியூனர் உறையின் பக்கப் பையில் இருந்தது. முதல் நாள் அதை ஏதோ மூக்குக் கிளிப்பு என்று நினைத்தார். பிறகு அதைப் போல ஒரு சாமானை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று ஆயிற்று. கம்பியின் நடுக்கத்தை மரத்தின் வழியாகவே உறிஞ்சிக் குடித்து எழுத்தாக்கிவிடுகிறது, சத்தம் காற்றில் போக வேண்டியதே இல்லை, தூங்குகிற வீட்டுக்கு இதைவிடத் தோதான வாத்தியார் கிடைப்பாரா. பாப்பா தூங்குகிற சமயமெல்லாம் அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். எவர்சில்வர் டம்ளரில் மாட்டித் தட்டினால் ஒரு எழுத்து. தண்ணீர் ஊற்றித் தட்டினால் வேறு எழுத்து. ஜன்னல் கம்பிக்கு ஒன்று, தோசைக்கல்லுக்கு ஒன்று, ஃபிரிட்ஜ் தானாக முனகும்போது அதற்கும் ஒன்று, ஒரு வீட்டுக்குள் இத்தனை பேர் இத்தனை காலமாகப் பாடிக்கொண்டிருந்தார்களா, என்னை மட்டும் கூப்பிடவில்லையே என்று ஒரு குதூகலம். சிரிப்பாக வந்தது. ஒரு தடவை கம்பியைத் துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதை மூக்குக் கண்ணாடியின் காதுக் காம்பில் மாட்டிக்கொண்டார். இருமல் வந்தது. எதிரே பீரோக் கண்ணாடியில் தன் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ துள்ளி அணைந்ததைப் பார்த்தார். எலும்பு வழியாகக் கேட்டுவிட்டது. என் குரலை. சட்டென்று பிடுங்கிக் கீழே வைத்தார், தீக்குச்சி சுட்ட மாதிரி. அதற்கப்புறம் அதன் முன்னால் பேசக்கூடக் கூச்சம். கம்பியைப் பற்றி எது சொன்னாலும் சொல்லட்டும், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், வரிசையில் ஒவ்வொரு வாயாகக் குனிந்து வர வேண்டாம். ஆனால் டிரைவராக இருந்தபோது பஸ்ஸில் காது எப்படி வேலை செய்தது? இதை நேற்றும் யோசித்தார், பாதியில் விட்டுவிட்டார். கொடைக்கானல் வழியில் காட்ரோடு தாண்டி மலை ஏறும்போது எஞ்சின் ஒரு மாதிரி கெஞ்சும், தொண்டை அடைத்த மாதிரி. கியர் குறை, குறை என்று. அவர் எந்த முள்ளையும் பார்த்ததில்லை. கை தானாகப் போகும். கண்டக்டர் இருதயராஜ் கூடக் கேட்பான், "எப்படிண்ணே கரெக்டா அந்த இடத்துல மாத்துறீங்க?" என்று. கேட்குதே, என்பார். எமரென்சி ஒரு முறை முன் சீட்டில் உட்கார்ந்து கொடைக்கானல் வரைக்கும் வந்துவிட்டு இறங்கும்போது சொன்னாள், "வண்டி பாடுறது மட்டும் காதுல விழுது. நான் பாடுனா விழாது." அப்படியென்றால் காது இருக்கிறது. இருந்தும் இந்த ஆறு கம்பி சேர்ந்தால் புளிக்கிறது. ஆனால் எல்லாம் பச்சை. பச்சைக்கு மேல் என்ன சாட்சி வேண்டும், சிக்னலில் பச்சை விழுந்தபின் நின்றுகொண்டிருந்தால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பானா மாட்டானா.

இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று போனை எடுத்தார். தாடிக்காரப் பையன் வழக்கம்போல வாயை மட்டும் அசைத்தான். பாவம், அவனையும் சத்தத்தை அடைத்துத்தான் வைத்திருக்கிறேன், முதல் நாளிலிருந்தே, பாப்பா முழித்துவிடக் கூடாதென்று. ஊமைப் பையன். அவன் கீழே எழுத்து ஓடியது: முதல் கம்பி, ஈ. அவன் தட்டினான். போனைத் தொடையில் சாய்த்து வைக்கப் போனபோது ஓரத்துப் பொத்தான் அழுந்தியது, ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை, சத்தம் குபீரென்று கிளம்பியது. ணீங்ங்! வெள்ளிக்காசு தரையில் விழுந்த மாதிரி மெல்லிய, உயர்ந்த, கூரான ஒரு சத்தம். பதறிப்போய் அணைத்து மேசைமேல் கவிழ்த்தார். தொட்டிலைப் பார்த்தார். அசையவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டதற்குக் காரணம் தொட்டில் மட்டும் இல்லை என்பது ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. முதல் கம்பி என்றானே. முதல் கம்பி ணீங் என்றால்? என்னுடைய முதல் கம்பி டொம் என்றல்லவா சொல்லும், கோயில் மணியின் வயிறு மாதிரி. குனிந்து கிட்டாரைப் பார்த்தார். மேலே இருப்பது தடித்த கம்பி. அடியில் இருப்பது மெல்லிசுக் கம்பி. ஐயோ. ஐயோ, அடியிலிருந்து எண்ண வேண்டும். அவனுக்கு முதல் கம்பி அடியில் இருக்கிறது! நான் வாசலில் நுழைந்ததும் முதல் சீட்டு என்று மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு ஓரத்திலும் இருப்பது ஒரே எழுத்து, ஈ, அதனால் அந்த இரண்டும் தப்பித்துக்கொண்டன, நடுவில் இருக்கிற நாலு கம்பிகளையும் தலைகீழாக்கி, ஒருவன் எழுத்தை இன்னொருவனிடம் கொடுத்து, ஒருத்தனை உயிர் போக முறுக்கி, இன்னொருத்தனைத் தொளதொளவென்று விட்டு, ஹெல்மெட் வேறு! வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு தோளைக் குலுக்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. டியூனரும் பொய் சொல்லவில்லை. கொடுத்த கம்பிக்குக் கொடுத்த எழுத்து வந்ததா, வந்தது, பச்சை. அது அந்தக் கம்பியின் எழுத்துதானா என்று அதற்கு எப்படித் தெரியும், அதன் வேலை அது இல்லையே. சேர்த்துக் கேட்டது யார்? இத்தனை நாளாகப் பச்சை பச்சை என்று வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தபோதெல்லாம் இல்லை, இல்லை, இது புளிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது யார்? இந்தக் காது. தொம்மை உபதேசியார் சுதி சேராது என்று ஒதுக்கிய அதே காது. அவர் வலது காதைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. மூன்றாவதைத் தளர்த்தினார், கம்பி அப்பாடா என்று இறங்கிற்று. நாலாவதை ஏற்றினார். டி, ஜி, பச்சை, பச்சை. ஹெல்மெட் தேவைப்படவில்லை. இரண்டாவதையும் ஐந்தாவதையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்தார். பச்சை. டியூனரைக் கழற்றிக் கண்ணாடிக் காம்பில் மாட்டிக்கொண்டு, கம்பிகளைத் துணியால் ஒரு தடவை துடைத்தார், ஏதோ புது வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்டியரிங்கைத் துடைப்பது போல. பிறகு மேலிருந்து கீழே, கட்டைவிரலால், ஒரே இழுப்பு. ஆகா. கதவைத் திறந்ததும் உள்ளே காற்று வருமே, அப்படி இருந்தது. ஆறும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தன. திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. இது சரி. எனக்குத் தெரியுது, எமரென்சி. இது சரி.

பாப்பா அழுதது. மெல்ல ஆரம்பிக்கவில்லை, நேராக உச்சத்தில். சவரிமுத்து அவசரமாகக் கால் பெருவிரலால் தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டே இன்னொரு இழுப்பு இழுத்தார். எதற்காகக் கற்றுக்கொண்டோமோ அந்த நேரம் இதுதானே, இழுத்தார், இன்னும் இழுத்தார், பாப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை, முகம் சிவந்து முஷ்டி காற்றில் குத்தியது. குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. கிட்டாரைச் சுவரில் சாய்த்தார். கழுத்தைத் தாங்கி, முதுகைத் தாங்கி, தூக்கினார். அப்போதுதான் அந்த இன்னொரு மடத்தனம் பிடிபட்டது. கழுத்து நிற்காத குழந்தைக்கு இரண்டு கையும் வேண்டும். கிட்டாருக்கும் இரண்டு கையும் வேண்டும். இத்தனை நாளில் இது ஏன் தோன்றவில்லை? கம்பியாவது வைத்துக்கொள்ளட்டும் என்று கிளம்பியவன் கையில் இப்போது கம்பியும் இல்லை. பாப்பா மூச்சை இழுத்து இன்னும் பெரிதாக அழத் தயாரானது. சுவரில் சாய்ந்திருந்த கிட்டாரின் நடுக் கம்பி ஒன்று அந்த அழுகைக்குத் தானாக லேசாக அதிர்ந்தது, கேட்டார், கேட்டுவிட்டார், அந்த அதிர்வு போகிற இடத்துக்குத் தன் தொண்டையையும் கொண்டுபோனார். ம்ம்ம். நெஞ்சுக்குள்ளிருந்து, பழைய ஷெட்டிலிருந்து வண்டி கிளம்புகிற மாதிரி. பீரோக் கண்ணாடியில் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு எரிந்தது. பிடுங்கக் கை இல்லை. சரி, எரியட்டும். சுதிக்குக் கீழே இருக்கிறேன், குரல் கெஞ்சுகிறது, ஏற்று. ம்ம்ம்ம். சிவப்பு நடுங்கியது. இன்னும் கொஞ்சம். பச்சை. அசையாத பச்சை. கண்ணாடிக்குள் ஒரு கிழவன் காதில் பச்சை விளக்கோடு, கையில் குழந்தையோடு, வாயை மூடிக்கொண்டு நிற்கிறான், ஆனால் இந்தத் தடவை சத்தம் வருகிறது. பாப்பா பாதி அழுகையில் நின்று விளக்கைப் பார்த்தது. ஈரமான கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளி. வெறும் ம்ம் எவ்வளவு தூரம் போகும், வார்த்தை வேண்டும், எமரென்சியின் பாட்டு ஒன்றும் அவருக்கு வராது, வாயை அசைத்ததோடு சரி. வாய் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது, கொடைக்கானல் பஸ் போகிற வழியில் வரும் ஊர்களை. செம்பட்டீ... என்று இழுத்தார், ஒரே சுதியில். வத்தலக்குண்டூ... அழுகை விக்கலானது. காட்ரோடூ... இங்கே கியர் குறைக்க வேண்டும், குறைத்தார், குரல் இறங்கியது, விளக்கு சிவந்ததா பச்சையாக இருந்ததா, அவர் பார்க்கவில்லை, பாப்பாவின் இமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்டம் பாறே... ஊத்தூ... இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் ஒரு வளைவு, அறையின் குறுக்கே மெல்ல மெல்லத் திரும்பி நடந்தார். மூடுபனி இறங்குகிற இடம் அது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பவுலின் கதவைத் திறந்தாள். "அப்பா, என்ன போட்டிருக்கீங்க போன்ல? புதுசா இருக்கு. நானும் உள்ளருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், நடுவுல விளம்பரமே வரல..." பிறகு மேசைமேல் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தாள், அவர் காதோரத்து விளக்கைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா?" அவளுக்குப் பதில் சொல்வதென்றால் வண்டியை நிறுத்த வேண்டும். பெருமாள்மலைக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றம் இருந்தது, கைக்குள் இருப்பவள் இன்னும் முழுசாகத் தூங்கவில்லை. கண்ணால் மட்டும் மகளை ஏறிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் அடுத்த ஊரை இழுத்தார்.